கட்டைவிரல் மேகம்

அந்தப் படம் இப்போது யார் போனில் தேடினாலும் கிடைக்கிறது. வெள்ளை வெளேரென்று ஒரு மேகம், அதன் கீழே ஒரு காளை, பின்னணியில் புதிதாகச் சேர்த்த பியானோ. பார்க்கிறவர்கள் இதயம் போட்டுவிட்டுப் போகிறார்கள். நான் அதைத் திறப்பதில்லை. செத்துப்போனவருக்கு முகத்தில் பவுடர் பூசி நாற்காலியில் உட்கார வைத்திருப்பதைப் பார்ப்பது போல இருக்கும் எனக்கு.

நானும் என் கணவரும் மதுரை காளவாசலில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறோம். முன்பக்கம் அவர் ஃப்ரேம் எடுத்துக் காட்டுவார். பின்னறையில் நான் லென்ஸை வெட்டி, தேய்த்து, மாட்டுவேன். எங்கள் இரண்டு குடும்பங்களும் நெசவிலும் சாயத்திலும் இருந்தவை. வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், கடையில் தமிழ். கார்ட்டூன் படங்களுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை. சின்ன வயதில் டிவியில்கூட உட்கார்ந்து பார்த்தவள் இல்லை. நாற்பது தாண்டித்தான் அந்தக் கிறுக்குப் பிடித்தது, அதுவும் ஒரு லென்ஸ் வழியாக.

ஒருநாள் வயதான ஒருவர் கைக்குட்டையில் சுற்றிய பித்தளைக் குழல் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். உள்ளே லென்ஸில் பூஞ்சை படர்ந்திருந்தது. புரொஜக்டர் லென்ஸ் என்றார். மதுரையில் யாரும் தொடமாட்டேன் என்கிறார்களாம். நான் பிரித்துத் துடைத்துக் கொடுத்தேன். அவர் கல்லூரியில் புவியியல் நடத்தி ஓய்வுபெற்றவர். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நாகமலை புதுக்கோட்டையில் வீடு கட்டிக் குடியிருந்தார். மனைவி இல்லை, மகன் வெளிநாட்டில். நான் அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன். லென்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று வந்து பாருங்கள் என்று எங்கள் இருவரையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு அழைத்தார்.

ஜன்னல்களை அடைத்து, சுண்ணாம்படித்த சுவரில் ஒரு படத்தை ஓட்டினார். ஏதோ குளிர்நாட்டில் கையால் வரைந்து எடுத்த குட்டிப்படம். ஒரு கரடி குடை பிடித்துக்கொண்டு பேருந்துக்குக் காத்திருக்கும். பேருந்து வராது. அவ்வளவுதான் கதை. என் கணவர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. கரடி அசையாமல் நிற்கும்போதும் அதன் கோடு நிற்கவில்லை. லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது. நாளெல்லாம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. ஒரே கரடியை ஒருவர் திரும்பத் திரும்பப் புதுசாக வரைந்திருக்கிறார், எந்தக் கையாலும் ஒரே கோட்டை இரண்டு முறை போட முடியாது, அந்த வித்தியாசம்தான் மூச்சு மாதிரி தெரிகிறது என்று எனக்கே விளங்கியது. யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. அன்று வீட்டுக்குத் திரும்பும்போது பைபாஸ் ரோட்டின் இரைச்சல் எதுவும் என் காதில் விழவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் போனேன். கணவர் வருவதை நிறுத்திவிட்டார். வயசான மனுஷன் வீட்டுக்குப் பொம்மைப் படம் பார்க்கப் போகிறாள் என்று என் நாத்தனார் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. சாரும் நானும் சேர்ந்து தேட ஆரம்பித்தோம். பழைய இரும்புக் கடைகள், மூடிப்போன படக் கம்பெனி அலுவலகங்கள், வீடு காலி செய்பவர்கள். பெரும்பாலும் எடைக்குப் போய்விட்டிருக்கும். கிடைத்தவை வெளுத்து ரோஸ் நிறமாகியிருக்கும். நீலம் மங்காத ஒரு ரீல் கையில் கிடைத்தால் இருவரும் அதை மாறி மாறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். டப்பாவின் மேல் ஒட்டிய காகிதம் கிழியாமல் இருந்தால் அதற்கு ஒரு சந்தோஷம். ஒட்டுப்போட்ட இடங்கள் குறைவாக இருந்தால் இன்னொரு சந்தோஷம். ஊர் ஊராக இதே கிறுக்குப் பிடித்தவர்கள் இருந்தார்கள். வாட்ஸப்பில் ஒரு குழு. அதில் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதையில் பாதி பொறாமை.

எனக்குப் பிடித்தவை தவறுகள். ஒரு பூனை திரும்பும்போது ஒரு கணம் அதன் மீசைக்கு வண்ணம் விட்டுப்போயிருக்கும். ஒரு வாத்தின் கால்கள் நடுவில் இடம் மாறிவிடும். வரைந்தவருக்கு அன்று அலுப்பாக இருந்திருக்கும். நான் சொல்லச் சொல்ல சார் தலையை ஆட்டுவார். “ஆமாம்மா, அழகு” என்பார். எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டதாக நம்பினேன். வீட்டிலோ கடையிலோ என்னோடு அப்படி உட்கார்ந்து ஒன்றைப் பார்த்தவர் யாரும் அதுவரை இருந்ததில்லை.

பிறகுதான் டி. கல்லுப்பட்டியைச் சேர்ந்த ஓர் அம்மா வந்தார். கண்புரை அறுவை செய்துகொண்டு, காளவாசலில் மகள் வீட்டில் தங்கியிருந்தவர். கண்ணாடி வாங்க வந்த இடத்தில், நான் பின்னறையில் மாட்டி வைத்திருந்த ரீல் தகர டப்பாவைப் பார்த்துவிட்டு, இதே மாதிரி எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது என்றார். அவருடைய கணவர் ஒரு காலத்தில் ஜீப்பில் புரொஜக்டரைக் கட்டிக்கொண்டு கரிசல்காட்டு ஊர்களுக்குப் போய்ப் பள்ளிக்கூடங்களில் படம் காட்டியவராம். உரம், தடுப்பூசி, சுத்தம் என்று அறிவுரைப் படங்கள். நடுவில் பிள்ளைகள் எழுந்து ஓடாமல் இருக்க ஒரு கார்ட்டூன். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது என்றார்.

சாரின் காரில் திருமங்கலம் வழியாகப் போனோம். அந்த அம்மா பரணிலிருந்து தகரங்களை இறக்க வைத்து, புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்துக் கொடுத்தார். பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

“எனக்கு என்னத்தா வேணும். ஒரு தடவ போட்டுக் காட்டுங்க. எங்க வீட்டு ஆளு ஓட்டுன படம்னு நாலு பேரு முன்னாடி சொல்லுங்க, போதும்.”

கட்டாயம் சொல்கிறோம் என்று சார்தான் முந்திக்கொண்டு சொன்னார்.

தகரங்களில் பெரும்பாலானவை உரப் படங்கள்தான். துருப்பிடித்த ஒன்றில் மட்டும் அது இருந்தது. தலைப்புப் பகுதி கிழிந்துபோயிருந்ததால் யார் எடுத்தது, எந்த ஊர், எந்த வருஷம் என்று எதுவும் தெரியவில்லை. ஆனால் நம் மண். வெடித்துக் கிடக்கும் கரிசல் நிலத்தில் ஒரு காளை நடந்து போகிறது. அதன் தலைக்கு மேலே ஒரு குட்டி மேகம் கூடவே வருகிறது. காளை நிமிர்ந்து பார்த்தால் மேகம் வெட்கப்பட்டு ஒதுங்கிக்கொள்ளும். பேச்சே கிடையாது. ஒரு புல்லாங்குழல் மட்டும். கடைசியில் காளை சோர்ந்து படுத்துத் தூங்கிவிட, யாரும் பார்க்காத தைரியத்தில் மேகம் மழையாகப் பெய்து தீர்ந்துபோகும்.

அந்த மேகத்தை வரைந்தவர் தூரிகையைத் தொடவே இல்லை. வெள்ளைச் சாயத்தில் கட்டைவிரலை முக்கி, தாள் தாளாக அழுத்தி எடுத்திருக்கிறார். சுவரில் பெரிதாக விழும்போது விரல் ரேகை வரிவரியாகத் தெரிந்தது. ஒவ்வொரு தாளிலும் ரேகை வேறு வேறு கோணத்தில் பதிந்திருந்ததால் மேகம் உள்ளுக்குள் கொதிப்பது போல, சிலிர்ப்பது போல ஓடிக்கொண்டே இருந்தது. பெயர் தெரியாத ஒருவரின் விரல், அத்தனை வருஷம் கழித்து, என் கண் முன்னால் அசைந்தது. எழுந்து போய்ச் சுவரைத் தொட்டேன். படம் என் மேல் விழுந்து, என் முதுகில் காளை நடந்தது.

“பாத்தீங்களா சார், ரேகை?” என்றேன்.

“பாத்தேன்ம்மா, பாத்தேன்” என்றார்.

ரீலில் வினிகர் நெடி தொடங்கியிருந்தது. பழைய ஃபிலிமுக்கு வரும் நோய் அது. நெடி ஏறினால் ஃபிலிம் சுருங்கும், வளையும், பிறகு உதிர்ந்துபோகும். பக்கத்தில் இருக்கும் ரீல்களையும் கெடுக்கும். குளிர்ச்சியில் தனியாக வைத்தால் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். சார் வீட்டில் ஏசி அறை இருந்தது, என் கடையின் பின்னறையில் மின்விசிறிதான். அதனால் ரீல் அவரிடம் இருப்பதென்று முடிவானது. அரசு ஆவணக் காப்பகம் எதற்காவது எழுதிக் கேட்போம், அதுவரை அதை மறுபடி ஓட்டவேண்டாம் என்று சொன்னேன். ஒப்புக்கொண்டார்.

“உன்னக் கேக்காம அத நான் தொட மாட்டேன்ம்மா. நீ கண்டுபிடிச்ச சாமான்.”

அந்தக் கோடையில் என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. ஞாயிறுகள் மருத்துவமனையில் கழிந்தன. சார் இரண்டு முறை வந்து பார்த்தார், ஆரஞ்சு வாங்கி வந்தார், ரீலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கும் நிலையில் இல்லை. பிறகு ஒருநாள் குழுவில் ஓர் அழைப்பிதழ் வந்தது. அழிவிலிருந்து மீட்கப்பட்ட தமிழ்நாட்டு அனிமேஷன் படம், கண்டெடுத்தவர் இன்னார் என்று அவருடைய புகைப்படத்தோடு. நகருக்குள் ஒரு சங்கத்தின் அரங்கில், ஞாயிறு காலை. அவரை அழைத்தேன். எல்லாம் திடீரென்று கூடிவந்தது, வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டிருக்கிறாயே என்றுதான் தொந்தரவு செய்யவில்லை, அவசியம் வந்துவிடு என்றார். குரலில் ஒரு கல்யாண வீட்டு உற்சாகம்.

டி. கல்லுப்பட்டி அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பட்டுப்புடவை கட்டி, பூ வைக்காத தலையை அழுந்த வாரி வந்திருந்தார். முன்வரிசையில் உட்கார வைத்தேன். சார் மேடையில் பேசினார். பரணில் கிடந்த குப்பையில் தான் ஒரு மாணிக்கத்தைக் கண்டதாகச் சொன்னார். யாருடைய பரண் என்று சொல்லவில்லை. சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் ஃபிலிமை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரை வைத்து ஒவ்வொரு படமாகச் சுத்தம் செய்ததாகச் சொன்னார். விளக்கை அணைத்தார்கள்.

காளை நடந்தது. அதன் கோடு நடுங்கவில்லை. அளவுகோல் வைத்துப் போட்டது போல நின்றது. நடை தண்ணீரில் வழுக்குவது போல இருந்தது. படத்துக்கும் படத்துக்கும் நடுவில் இல்லாத படங்களைக் கம்ப்யூட்டரே வரைந்து செருகியிருக்கிறது. மேகம் வந்தது. பஞ்சு. மருந்துக்கடையில் நீல உறையில் விற்கும் பஞ்சு. ரேகை முழுவதையும் கம்ப்யூட்டர் அழுக்கென்று எடுத்துக்கொண்டு துடைத்திருக்கிறது. வெயிலில் காயப்போட்ட தலையணை மாதிரி ஒன்று காளையின் தலைக்கு மேலே மிதந்துபோனது. அரங்கம் கைதட்டியது. பக்கத்தில் யாரோ, எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, நேற்று எடுத்தது மாதிரி என்றார்கள்.

வெளியே வந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். படம் நன்றாக இருந்தது என்றார். கொஞ்சம் பொறுத்து, “எங்க வீட்டு ஆளு பேரச் சொல்லுவாகன்னு பாத்தேன்” என்றார். ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

கூட்டம் கலையும்வரை காத்திருந்து சாரிடம் போனேன். மாலை போட்டிருந்தார்கள். அந்த அம்மாவின் கணவர் பெயரைச் சொல்லியிருக்கலாமே என்றேன். பதற்றத்தில் மறந்துவிட்டது என்றார். சரி, ரீல் எங்கே என்றேன்.

“அது இல்லம்மா.”

“இல்லன்னா?”

“ஸ்கேன் பண்ணித் திரும்பி வரயிலயே நாத்தம் தாங்கல. சுருண்டு கெடந்துச்சு. மத்த ரீலுக்கும் பரவிரும்ல? எரிச்சுட்டேன். அதான் அம்புட்டும் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே, அப்புறம் எதுக்கு?”

சுத்தம் செய்வதற்கு முன்னால் எடுத்த ஸ்கேன் இருக்குமே, அதையாவது வாங்கிக்கொடுங்கள் என்றேன். அவர் அங்கேயே ஸ்டுடியோவுக்குப் போன் போட்டார். நான் கேட்கவேண்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் பேசியவர், அழுக்குக் காப்பியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, இடம் அடைக்கிறது என்று அழித்துவிட்டோம் சார் என்று பணிவாகச் சொன்னார். சார் என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

“ஏம்மா, அழிஞ்சு போற பொருள ஊரே பாக்கும்படி செஞ்சிருக்கேன். அதுல என்ன கொற கண்ட நீயி?”

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து வந்துவிட்டேன். வீட்டில் என் கணவர், ஒரு பொம்மைப் படத்துக்காக இழவு விழுந்த முகத்தோடு உட்காராதே, அப்பாவுக்குக் கஞ்சி கொடு என்று எங்கள் பாஷையில் சொன்னார். கொடுத்தேன். குழுவிலிருந்து விலகினேன். ஞாயிறுகளில் துணி துவைத்தேன்.

படம் போன்களில் பரவியது. ஒருநாள் கடைக்கு வந்த கல்லூரிப் பெண், ஃப்ரேம் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் தன் போனை என் பக்கம் திருப்பி, “அக்கா, இதப் பாருங்க. ஏஐ போட்டது. எவ்வளவு க்யூட்டா இருக்கு” என்றாள். ஒரு மனுஷன் மாதக்கணக்கில் விரலைச் சாயத்தில் முக்கி முக்கிச் செய்த வேலை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் காட்டியதில் அந்த மனுஷன் எங்கே இருக்கிறார்? பவர் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.

ஒரு வருஷம் போல ஆன பிறகு சார் கடைக்கு வந்தார். இரண்டு கண்ணிலும் புரை அறுவை முடிந்து, கண்ணாடிக்கு மருத்துவர் கொடுத்த அளவோடு நின்றார். மெலிந்திருந்தார். என் கணவர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். தொழில் தொழில்தான் என்று நானும் ஃப்ரேம் வைத்து அளவெடுத்தேன். பல வருஷமாக முற்றிப்போன புரை, எப்படி வண்டி ஓட்டினீர்கள் என்று மருத்துவர் திட்டினாராம். சிரித்துக்கொண்டே சொன்னார். படம் ஓட்டும்போது அவர் சுவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன். கண்ணைக் காட்டுங்கள் என்று சொல்லியும் இருக்கிறேன். பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

அளவுகோல் என் கையில் இருந்தது. கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்டுவிட்டேன்.

“அந்த மேகத்துல ரேக இருந்துச்சே சார். அத நீங்க பாத்தீங்களா, இல்லையா?”

மேஜையில் இருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மூடினார்.

“நீ சொல்லுவ. நானும் ஆமாம்பேன். எனக்கு அது வெள்ளையா ஏதோ அசையிற மாதிரிதான் இருக்கும். நீ அம்புட்டு சந்தோசமாச் சொல்லயில இல்லன்னு எப்பிடிச் சொல்றது?”

கண் தெரியாதவர் என்று தெரிந்தால் கோபம் தணியும் என்று என் கணவர் பிறகு சொன்னார். எனக்குத் தணியவில்லை. ரீலை எரித்ததைவிட இது என்னை அதிகம் சுட்டது. அந்த ஞாயிறுகள் எல்லாம் நான் ஒருத்தி மட்டும் பார்த்தவை. பக்கத்தில் இருந்தவர் என் பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பூனையின் மீசை, வாத்தின் கால், எல்லாவற்றுக்கும்.

புதுக் கண்ணாடி போட்டபின் அவர் தன் வீட்டில் இருந்த மற்றப் படங்களை மறுபடி ஓட்டிப் பார்த்திருக்கிறார். போனில் அழைத்து, இவ்வளவு கீறலும் தூசியுமாகவா இத்தனை காலம் பார்த்தோம் என்று வியந்தார். எல்லாவற்றையும் அதே ஸ்டுடியோவுக்கு அனுப்பிச் சுத்தம் செய்யப்போவதாகச் சொன்னார். வேண்டாம் என்று கெஞ்சினேன். நீ பழசிலேயே நிற்கிறாய் என்றார். சில மாதங்களில் வேலை முடிந்துவிட்டது. ரீல்களை இனி வைத்துக்கொண்டு என்ன செய்ய, உனக்கு வேண்டுமானால் அனுப்புகிறேன், இல்லையென்றால் எரித்துவிடுகிறேன் என்றார். நான் ஆட்டோ பிடித்துப் போய் எடுத்துவந்தேன். புரொஜக்டரையும் கேட்டேன். அதை ஏற்கெனவே பைபாஸ் ரோட்டில் புதிதாகத் திறந்த ஓர் உணவகத்துக்குக் கொடுத்துவிட்டாராம். அழகுக்கு வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார்.

அங்கே போனேன். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கொடி சுற்றி நின்றது. உள்ளே இருந்த பல்சக்கரங்களைக் கழற்றிவிட்டு மஞ்சள் விளக்கு பொருத்தியிருந்தார்கள். மேலாளரிடம் பேச எனக்குத் தெம்பு இல்லை. கணவர் காபி வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தோம்.

ரீல்கள் இப்போது கடையின் பின்னறையில் இருக்கின்றன. கரடிப் படத்துக்கும் நெடி வந்துவிட்டது. அதை மட்டும் தனியாகப் பிரித்து ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்கள் ஊறுகாய் பாட்டில் உடைந்ததா என்று கேட்கிறார்கள். கணவர் வாரம் ஒருமுறை தூக்கிப்போடச் சொல்கிறார். சார் எப்போதாவது கண்ணாடி ஆணி முறுக்க வருவார். நான் முறுக்கிக் கொடுப்பேன். நலமா என்பார், நலம் என்பேன்.

கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் ரீலைக் கொஞ்சம் உருவி, லென்ஸ் பார்க்கும் விளக்கின் மேல் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்ப்பேன். கரடி ஒரு காலைத் தூக்கியிருக்கும். அடுத்ததிலும் தூக்கியிருக்கும். அதற்கடுத்ததிலும். கோடுகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் விலகியிருப்பது தெரிகிறது. நடுங்குவது தெரிவதில்லை. நடுங்க வேண்டுமென்றால் அது ஓட வேண்டும். நேற்று அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஃபிலிம் விரலுக்கிடையில் சட்டென்று ஒடிந்தது. இரண்டு முனையையும் சேர்த்து டேப் போட்டு ஒட்டிவிட்டு, முன்னால் யாரோ வந்திருப்பதாகக் கணவர் கூப்பிட்டதால் எழுந்து போனேன்.